யாரும் துரத்தவில்லை, சும்மாதான் ஓடுகிறேன்

புதுச்சேரியில் நடப்பது கௌரவமான காரியம். காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள், பாதி ஊர் அங்கேதான் இருக்கும். ஓய்வு பெற்ற தாசில்தார் கையை வீசி வீசி நடப்பார். துணிக்கடை முதலாளி செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே நடப்பார். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நடப்பவர்களுக்கு ராஜமரியாதை. நடந்துகொண்டே மனை விலை பேசலாம், பெண்ணுக்கு வரன் பார்க்கலாம், அடுத்த முதல்வர் யார் என்று முடிவு கட்டலாம். நாற்பது தாண்டிய ஒருவர் “வாக்கிங் போறேன்” என்றால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

“ஓடப் போறேன்” என்றால் கேட்பார்கள்.

என் மாமியார் கேட்டார். “நடுரோட்டுல ஒரு பொம்பள ஓடுனா, யாரும்மா தொரத்துறாங்கன்னுதான் கேப்பாங்க. பாத்துக்க.” அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் காலத்துப் பெண்கள் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்வதற்குள் போய்ச் சேர, மழை வந்தால் மாடியில் காயும் வடாகத்தை எடுக்க. காரணமே இல்லாமல் ஓடுவது என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் நாற்பத்து மூன்று வயது வரை தெரியாதுதான்.

காரணம் இல்லாமல் என்று சொன்னாலும் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று சர்க்கரை. ஹெச்பிஏ1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, மூன்று மாதத்துச் சர்க்கரை எந்த அளவில் இருந்தது என்று சொல்லிவிடும். எனக்கு 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் இன்னும் நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, “பார்டர்ல இருக்கும்மா. இப்ப பார்த்துக்கிட்டா மாத்திரை வேணாம்” என்றார். புதுச்சேரியில் இது பெரிய செய்தியே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளியானபோது, பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோவாவில் 26.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். நாட்டுச் சராசரி 11.4தான். கோவா மட்டும் கொஞ்சம் ஒழுங்காக இருந்திருந்தால் முதலிடம் நமக்குத்தான். எங்கள் தெருவில் கல்யாணச் சாப்பாடு பந்தி நடக்கும்போது பாயசத்துக்கு முன்னால் எத்தனை பேர் சட்டைப் பையில் மாத்திரை தேடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், ஆய்வு தேவையில்லை.

இன்னொரு காரணத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சலாக இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. மாதக் கடைசியில் ஆபீசில் யாராவது பில் ஒன்றைத் தாமதமாகக் கொண்டுவந்தால் அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். பெண் பிளஸ் டூ. அவளிடம் நான் பேசியதில் பாதி கத்தல். இதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்து ஒரு டாக்டரிடம் போகிற அளவுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலை. நம்மூரில் பல பெண்கள் வருடக்கணக்காக அந்த நிலையிலேயே இருந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டுக்குப் பக்கம். இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் விசில் ஊதுகிற குரல் போகவில்லை. அவரிடம்தான் கேட்டேன்.

“மாஸ்டர், நடந்தா போதாதா?”

“தாராளமா போதும். ஆனா நீ நடக்கப் போனா பேசப் போயிடுவ. பேச்சு நல்லா இருந்துச்சுன்னா கால் நின்னுடும்.”

அது உண்மை. நடையும் சர்க்கரையைக் குறைக்கும். வேலை செய்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இன்சுலின் சொல்வதை இன்னும் நன்றாகக் கேட்கும். நடந்தாலும் நடக்கிற விஷயம்தான் இது. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது, மூச்சு வாங்குகிற பயிற்சியாக இருந்தால் 75 நிமிடம் போதும். காலையில் பால் காய்ச்சி, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டியை எடுக்கிறவளுக்கு அந்தப் பாதி பெரிய விஷயம்.

மாஸ்டர் எனக்குச் சொன்ன பாடம் ரொம்பச் சின்னது. “ஒரு லைட் கம்பம் ஓடு, ரெண்டு கம்பம் நட. ஓடுறப்ப என்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா வேகம் ஜாஸ்தி. அவ்ளோதான்.” வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

அப்புறம் என் பெண் செல்போனில் ஒரு அட்டவணையைக் காட்டினாள். கவுச் டு 5கே என்று பெயர். ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996ல் போட்டது, சோபாவை விட்டு எழாதவர்களை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைப்பதற்காக. முதல் வாரம் 5 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படியே 20 நிமிடம். இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மாஸ்டரின் லைட் கம்பக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது நாளில் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடு என்று போட்டிருந்தது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிழை இல்லையாம், அதுவரை செய்ததே அதற்குத் தயார் செய்துவிடுமாம். எனக்கு ஒன்பது வாரத்தில் முடியவில்லை. ஒரு வாரத்துப் பாடம் இன்னும் கனமாக இருந்தால் அடுத்த வாரமும் அதையே செய்தேன். அட்டவணை போட்டவர் வந்து பார்க்கப் போவதில்லை.

சரி, இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். நம்மூரில் ஓட ஆரம்பித்து நிறுத்தியவர்களிடம் கேட்டால் மூச்சு வாங்குது, கால் வலிக்குது என்பார்கள். நான் பார்த்தவரை பாதிப்பேர் நிறுத்துவது வெட்கத்தால். ஓடுவதற்கே ஒரு வெட்கம். அதைவிட, மெதுவாக ஓடுவதற்கு. ஓடுவது என்று முடிவு செய்துவிட்டால் பார்க்கிறவர்கள் மதிக்கிற மாதிரி ஓட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அதனால் எதிரில் ஆள் வந்தால் வேகம் கூடுகிறது. ஆள் போனதும் இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்குகிறார்கள். கடற்கரைச் சாலையில் எதிரில் ஆள் வராத நிமிடமே கிடையாது.

மாஸ்டர் சொன்ன வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் தெரியுமா? நடக்கிறவர்கள் உங்களை முந்திப் போவார்கள். காந்தி சிலையைத் தாண்டி நான் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை, பின்னால் இருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூ, காதைச் சுற்றி மஃப்ளர், கக்கத்தில் மடித்த குடை. என் பக்கத்தில் வந்தார், கொஞ்ச தூரம் கூடவே வந்தார், அப்புறம் தாண்டிவிட்டார். தாண்டியவர் சும்மா போகக்கூடாதா? திரும்பிப் பார்த்து, “வாம்மா, வாம்மா, வந்துடலாம்” என்று ஊக்கம் வேறு கொடுத்தார். அவர் மனசு நல்ல மனசுதான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அவர் நடந்தார், நீ ஓடின. நடக்கறப்ப எப்பவும் ஒரு கால் தரையில இருக்கும். ஓடுறப்ப ஒவ்வொரு எட்டுலயும் ரெண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு மேல வரும். வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றார். யோசித்துப் பார்த்தால் அது நியாயம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறவரும் அதே 6 கிலோமீட்டரில் ஓடுகிறவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வார்கள், ஆனால் ஓடுகிறவரின் இதயமும் தசையும் கூடுதலாக வேலை செய்திருக்கும், ஒவ்வொரு எட்டிலும் உடம்பைத் தூக்கிப் போடுவதால். ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோவாகி தனாகா இதையே ஒரு முறையாக்கினார். சின்னச் சின்ன எட்டாக வைத்து, சிரித்துக்கொண்டே பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் முறை. அங்கே வயதானவர்கள் கூட்டமாக அப்படி ஓடுகிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து “வாம்மா” என்பதில்லை போலிருக்கிறது.

மெதுவாக ஓடுவதால் இன்னொரு லாபமும் உண்டு, அதை நான் என் உடம்பில் பார்க்கவில்லை, என் ஆபீஸ் பையனிடம் பார்த்தேன். இருபத்தாறு வயது. நான் ஓடுவதைக் கேள்விப்பட்டு, “நானும் வர்றேன் மேடம்” என்று வந்தான். வந்த அன்றைக்கே டூப்ளே சிலை வரை போய் வந்து மறுபடி போய் 5 கிலோமீட்டர் முடித்துவிட்டான். அடுத்த நாளும் ஓடினான். இரண்டாவது வாரம் முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்பக்க ஓரம் தொட்டால் வலிக்கிறது என்றான். மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிக்கொள்ளும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு சரி என்கிறது என்று தூரத்தைக் கூட்டினால் எலும்பு வந்து கணக்குக் கேட்கும். வலி போகிறவரை ஓடாமல் இருந்துவிட்டு, குறைந்த தூரத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி. அவன் மறுபடி ஆரம்பிக்கவில்லை, ஜிம்முக்குப் போய்விட்டான்.

முட்டி தேய்ந்துவிடும் என்பது எங்கள் தெருவின் ஒருமனதான தீர்ப்பு. முட்டி தேய்ந்த ஓட்டக்காரர் ஒருவரைக்கூட அவர்கள் பார்த்ததில்லை, தேய்ந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தே இருந்தவர்கள்தான். 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வெளியானது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்கு ஓடுகிறவர்களில் 13.3. அதாவது ஓட்டத்தைத் தொழிலாக்கிக் கொள்ளாதவரைக்கும் பயமில்லை. மூட்டு நன்றாக உள்ளவர்கள்தான் ஓட வருகிறார்கள் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஏற்கெனவே முட்டி வலி உள்ளவர்கள், பிரஷர், நெஞ்சு வலி என்று ஏதாவது இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை கீழே இறங்கிவிடும், அவர்களும் கேட்க வேண்டும்.

உடை விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அல்லது வீட்டில் உள்ளவர்களுக்காகப் படிக்கலாம். ஓட ஆரம்பிக்கும் பெண்ணிடம் எல்லாரும் ஷூவைப் பற்றியே பேசுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. கடைப் பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்தாலும் போட்டுப் பார்த்து, அந்த அறையிலேயே நாலு குதி குதித்துப் பார்த்து வாங்க வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் ஓடுவோம், தோள் வலிக்கும், யார் பார்க்கிறார்கள் என்றே கவனம் போகும். ஷூ அதற்கு அப்புறம். ஓடும்போது பாதம் கொஞ்சம் வீங்கும் என்பதால் விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், சாயங்காலத்தில் போய் வாங்குவது நல்லது. முதலில் நான் சுடிதாரோடுதான் ஓடினேன், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு. இப்போது டிராக் பேண்ட், தொடை வரை வருகிற பருத்தி குர்தி. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கு சுடிதாரே தேவல” என்றார். ஆனால் காயப்போட்ட டிராக் பேண்டை மழை வந்தால் அவர்தான் எடுத்து வைக்கிறார்.

வீட்டிலிருந்து குருசுக்குப்பம் வழியாகக் கடற்கரைச் சாலையின் வடக்கு முனைக்கு நடந்தே போவேன், பழைய சாராய ஆலைப் பக்கம். உடம்பு சூடாக அந்த நடை போதும். அந்த வழியில் நாய்கள் உண்டு. இருட்டோடு போனால் தெருவுக்கு ஒரு கூட்டம். நாயைப் பொறுத்தவரை மாமியார் கருத்துதான் அதற்கும்: ஓடுகிறவர்களை யாராவது துரத்த வேண்டும். குரைத்துக்கொண்டு வந்தால், ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டாமல், முறைக்காமல், மெல்ல நடந்து அதன் எல்லையைக் கடந்துவிடுவேன். மீன் கூடையோடு வருகிற ஒரு அம்மா எனக்கு அது தெரிவதற்கு முன்பே, “நிக்காத, நட, அது ஒன்னும் செய்யாது” என்று சொல்லிக்கொடுத்தார். அவர் தினமும் அந்த நேரத்தில் மீன் வாசனையோடு அந்த நாய்களைத் தாண்டுகிறவர். அவரைவிட நிபுணர் யார்?

வெளியூர்க்காரர்கள் கடற்கரையில் ஓடுவதென்றால் சிலுசிலுவென்று காற்று வரும் என்று நினைக்கிறார்கள். விடியற்காலையில் வராது. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் சூடாகவே இருக்கும், அதனால் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், அதுவும் வீடுகளுக்கு நடுவே சிக்கிப் பலவீனமாக. கடல்காற்று எழும்புவதற்கு மத்தியானம் ஆகிவிடும். காலையில் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரை மணிக்கே இட்லிப் பானைக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், காயாவிட்டால் இதயம் தோலுக்கு இன்னும் ரத்தத்தை அனுப்பிக் குளிர்விக்கப் பார்க்கும். மார்கழியில் சுகமாக ஓடிய அதே வேகத்தில் கத்திரியில் ஓடினால் நெஞ்சு படபடப்பது அதனால்தான். மாஸ்டரின் ‘முழு வாக்கியம்’ அங்கேயும் உதவுகிறது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், வாக்கியம் வரவில்லை என்றால் மே மாதத்துக்கு அந்த வேகம் அதிகம். தலை லேசாகச் சுற்றினாலோ வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ அன்றைக்கு அதோடு சரி, நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். அரை மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு குடிப்பேன். சாலையோரம் அருகம்புல் சாறு, முளைகட்டிய பயறு, ஏதோ ஒரு சூப் எல்லாம் விற்கிறார்கள். பயறு நல்லது. அந்த சூப்பை நான் நம்புவதில்லை.

மனசு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஓடினால் ஒரு கட்டத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எண்டார்ஃபின் சுரக்கும் என்பார்கள். ரத்தத்தில் சுரக்கிற எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் போக முடியாது என்பதால், உடம்பே தயாரிக்கிற கஞ்சா மாதிரியான வேறு சில பொருட்கள்தான் அந்த மிதப்புக்குக் காரணமாக இருக்கும் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் எனக்கு ஒருநாளும் மிதக்கவில்லை. ஓடும்போது எனக்கு இருப்பதெல்லாம் எப்போது அடுத்த கம்பம் வரும் என்ற எண்ணம் மட்டும்தான்.

மாற்றம் தெரிந்தது ஓடாத நேரத்தில். முதலில் தூக்கம். ஓடிய அன்று ராத்திரி மூன்று மணி முழிப்பு வரவில்லை, அல்லது வந்தாலும் திரும்பத் தூக்கம் வந்துவிட்டது. அப்புறம் கோபம். பில் தாமதமாக வந்தால் இப்போதும் கோபம் வருகிறது, ஆனால் வருகிறது என்று எனக்கே முன்னால் தெரிகிறது. நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கிறது, அதற்குள் வாயைக் கட்டிவிடலாம். இதை முதலில் கண்டுபிடித்தது என் பெண்தான். ஒருநாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று அவள் சொன்னதற்கு நான் ஒரு பிரசங்கம் நடத்தியதும், “அம்மா, இன்னிக்கு ஓடலையா?” என்றாள். இப்போது அது வீட்டில் ஒரு பழமொழி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஆபீசில் ஏதாவது ஆகிக் கடுகடுவென்று வந்தால், “அப்பாவையும் கூட்டிட்டுப் போம்மா” என்கிறாள்.

ஆனால் இதை வைத்து யாருக்கும் வைத்தியம் சொல்ல நான் தயாரில்லை. 2023ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. மனச்சோர்வோ பதற்றமோ உள்ள 141 பேர், சிலர் மாத்திரை, சிலர் குழுவோடு ஓட்டம், 16 வாரம். முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பேருக்குக் குணம் தெரிந்தது, சுமார் 44 சதவீதம். பிரஷர், இடுப்புச் சுற்றளவு மாதிரி விஷயங்களில் ஓடியவர்கள் மேல். செய்தித்தாள்கள் அதோடு நிறுத்திவிட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த எண். மாத்திரைப் பக்கம் 82 சதவீதம் பேர் சொன்னபடி கடைசிவரை செய்தார்கள். ஓட்டத்தில் 52 சதவீதம்தான். அதுவும் பெரும்பாலானவர்கள் ஓட்டத்தைத் தாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள், கூட ஓடக் குழு இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், அப்படியும். மனசு கீழே கிடக்கும்போது கட்டிலை விட்டு எழுவதே மலை, ஷூ போடு என்று சொல்வது சுலபம். எனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டு, மாத்திரையோடு சேர்த்து ஓடுங்கள். ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

எடை? கேட்காமல் இருக்க மாட்டீர்கள். ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஓடிவிட்டு வந்தால் பசிக்கிறது, இரண்டு இட்லி கூடுதலாக இறங்குகிறது. பழைய ஜாக்கெட் தோளில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஹெச்பிஏ1சி அடுத்த முறை 5.8 வந்தது. அதில் ஓட்டத்துக்கு எவ்வளவு பங்கு, ராத்திரிச் சாதத்தை நிறுத்தியதற்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கெழுதுகிற எனக்கே இந்தக் கணக்கு டேலி ஆகவில்லை. டாக்டர், “பார்டரை விட்டு இன்னும் வெளியே போகல, ஆனா திரும்பி நடக்க ஆரம்பிச்சிட்டீங்க” என்றார். ஓட ஆரம்பிச்சிட்டேன் என்று திருத்தலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் நடக்கும். செம்மண் காட்டுப் பாதையில் 10 கிலோமீட்டர், அரை மாரத்தான், முழு மாரத்தான் என்று ஓடலாம். போட்டிக்காக இல்லாமல் ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடுங்கள் என்பதுதான் அதன் பேச்சு. மாஸ்டர் பெயர் கொடுக்கச் சொல்கிறார். பத்து கிலோமீட்டர் எனக்கு இப்போது வேண்டாம். அரை மணி நேரம் நிற்காமல், ஒரு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில் ஓட வருகிறது. அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று என்ன சட்டம்? ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் தடைப்படும். அந்த மாதங்களில் குருசுக்குப்பம் வழி முழுக்கத் தண்ணீர் நிற்கும், மாடிப்படி ஏறி இறங்குவதுதான் பயிற்சி. மழை விட்டதும் பழைய தூரத்துக்கு ஒரேயடியாகப் போகாமல் மறுபடி கம்பக் கணக்கு.

இப்போது என் தங்கை கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அவள் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். “அக்கா, சில்வர் பீச் மணல்ல வெறுங்காலோட ஓடுனா நல்லதாமே?” என்று போன். மணல் மெத்தென்று இருக்கும், முட்டிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவளுக்கு அது வேண்டாம் என்றேன். உதிரி மணலில் கால் புதையப் புதைய கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் இரட்டை வேலை செய்யும். அலையோரம் ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் ஓடும். ஆறு மாதம் ரோட்டில் ஓடிப் பழகின பிறகு வாரம் ஒருநாள் மணலில் இறங்கலாம். அதுவரை தேவனாம்பட்டினம் போகிற ரோடு இருக்கிறது, மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கிறது.

“காலையில முடியாதுக்கா. பால், டிபன், பசங்க ஸ்கூல் வேன். சாயங்காலம் மைதானத்துல ஓடவா?”

“ஓடு. காத்து வேற வரும்.”

“கிரிக்கெட் பசங்க இருப்பாங்களே. ரெண்டு மூணு மேட்ச் ஒன்னா நடக்கும்.”

ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் குறைந்து பையன்கள் கலையத் தொடங்கும்போது போகச் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஷூ இருக்கட்டும், முதலில் வேறொன்று வாங்க வேண்டும், கடைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் ஏற வேண்டும்.